இரண்டு பக்கமும் வெட்டிய லைன்

— போன் வயரை ஏங்க பிடுங்கினீங்க?

— தூசி தட்டும்போது கழண்டுக்கிச்சு.

— முப்பது வருஷம் குழி குழியா இறங்கி டெலிபோன் கேபிள் ஒட்டின கை உங்களோடது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்க. இப்ப வந்த பக்கத்து வீட்டு டீச்சரையும், நான் தூங்கறேன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. காதுல விழுந்துது.

— கேளு. டாக்டர் என்ன சொன்னாரு? உன் மூளையில புரதம் கட்டி கட்டியா சேருது, அதனாலதான் மறதி. ஓரிடத்துல நிக்காம, இணைப்பு இருக்கற வழியாவே அடுத்த இடத்துக்குப் போகுதுன்னாரா இல்லையா?

— சொன்னாரு. எனக்கு நினைவிருக்கு. இன்னிக்கு இருக்கு.

— கேபிள்ல தண்ணி இறங்கினாலும் அதே கதைதான். ஒரு ஜாயின்ட்ல புகுந்து அடுத்ததுக்கு ஓடும். ரெண்டு பக்கமும் வெட்டிவிட்டாத்தான் மிச்சம் தப்பும். ஆளு, பேச்சு, போனு எல்லாம் குறைஞ்சா...

— ஐயோ சாமி! அவர் சொன்னது தலைக்குள்ள இருக்கற இணைப்பை. நீங்க வெட்டினது டீச்சரை!

— சிரிக்காத. எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான்.

— நான் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா உட்கார்ந்தவ. ஒரு லைன் செத்தா இன்னொரு ஊர் வழியா சுத்திக் கொடுப்பேன். லைன் இல்லன்னு ஒருத்தரையும் திருப்பினதில்ல. நாலு பேரோட பேசிட்டிருந்தா, மூளையில மிச்சம் இருக்கற வழி இன்னும் கொஞ்ச நாள் தாங்கலாம்னும் அதே டாக்டர்தான் சொன்னாரு. நீங்க அப்ப மாத்திரைச் சீட்டை முறைச்சுட்டிருந்தீங்க.

— நேத்து டீச்சருக்கு டீயில சர்க்கரைன்னு உப்பைப் போட்டியே...

— முழுசாக் குடிச்சாங்க. மூஞ்சி சுளிக்கல. அப்படிப்பட்ட புண்ணியவதிக்கா கதவைச் சாத்துவீங்க?

— உன்னைப் பார்த்து யாரும் சிரிச்சுடக் கூடாதுன்னுதான்.

— சிரிக்கட்டும். அந்தப் புரதம் என் மூளையைப் பிடிச்சா பிடிக்கட்டும். என் வாசலைப் பிடிக்க விடமாட்டேன். வயரை மாட்டுங்க.

— மாட்டறேன், மாட்டறேன். இந்தா. யாருக்குப் போடணும்?

— முதல்ல டீச்சருக்கு. அப்புறம் தெருமுனை தையல்காரருக்கு, உங்க தங்கச்சிக்கு. இனிமே தினம் ஒருத்தராவது வரணும்.

— தினமுமா? உனக்கு அசதியாயிடும்மா.

— எனக்காகன்னு யாருங்க சொன்னது? நான் உங்களை யாருன்னு கேக்கப்போற அன்னிக்கு, உங்களைத் தெரிஞ்ச ஒருத்தராவது இந்த வீட்டுல இருக்கணும்.