எண்பத்து மூணு மீட்டர் தள்ளி

அய்யோ, அப்படிப் பார்க்காதீங்கக்கா. நான் அந்த மாதிரி ஆள் இல்ல. உங்க வீட்டுக்காரர் வேலை பார்க்கற அதே குடிநீர் ஆபீஸ்தான் நானும். மேப் செக்‌ஷன். அவர் ரோட்டைத் தோண்டற கேங்குக்கு மேஸ்திரி, நான் எங்க தோண்டணும்னு கம்ப்யூட்டர்ல காட்டறவ. அவர் உள்ள இல்லையே? அப்பாடா. ஐயையோ, இது இன்னும் தப்பா கேக்குது. இருங்க, உக்காந்து சொல்றேன். டீ எல்லாம் வேணாம், தண்ணி போதும்.

என்னைப் பத்தி சொல்லியிருக்காரா? என்னன்னு? ம்... ஊரையே கடல்ல தள்ளின பொண்ணா. ஆமா, அது நான்தான்.

அது வேலைக்கு வந்த முதல் மாசம்க்கா. ஊர்ல இருக்கற பைப்பு, வால்வு எல்லாம் பழைய மேப்ல இருந்துச்சு. அதை வெப்சைட்டுக்கு மாத்திட்டா ஆளுங்க போன்லயே பார்த்துக்கலாம். ஒவ்வொரு வால்வுக்கும் ரெண்டு நம்பர். கிழக்க எவ்வளவு, வடக்க எவ்வளவுன்னு. நான் முன்னதைப் பின்னாடியும் பின்னதை முன்னாடியும் போட்டுட்டேன். மொத்த ஊரும் நடுக்கடல்ல போய் உக்காந்துக்கிச்சு. மறுநாள் காலையில மேஸ்திரி போன். அம்மா தாயே, ஒரு வால்வு மூடணும், படகு ஏதாவது ஏற்பாடு பண்றீங்களான்னார். சிரிங்க, சிரிங்க. ஆபீஸே ஒரு வாரம் சிரிச்சுது. என் டேபிள்ல எவனோ காகிதக் கப்பல் வேற செஞ்சு வச்சுட்டுப் போனான்.

ஆனா கடல்ல போனது பரவாயில்லக்கா. பார்த்த உடனே தெரிஞ்சுது, அரை மணி நேரத்துல சரி பண்ணிட்டேன். ரெண்டாவதா பண்ணேன் பாருங்க ஒரு தப்பு, அதுதான் கண்ணுக்கே தெரியல.

எப்படிச் சொல்றது... இப்ப வர்றப்ப முக்குக் கடையில உங்க வீட்டைக் கேட்டேனா, ஆறாவது வீடுன்னார். சரியா ஆறாவது வீட்டுக்குப் போனேன், ஒரு நாய் துரத்துது. அவர் கடையிலேருந்து எண்ணச் சொல்லியிருக்கார், நான் பஸ் ஸ்டாப்லேருந்து எண்ணியிருக்கேன். நம்பர் சரி, ஆரம்பிச்ச இடம் வேற. மேப்லயும் அதேதான். அந்தக் காலத்துல வரைஞ்சவங்க பூமிக்கு ஒரு அளவு வச்சு எண்ணினாங்க. இப்ப வெப்சைட்ல இருக்கறதுக்கு வேற அளவு. அதை இதுவா மாத்தறதுக்கு ரெண்டு பட்டன் இருக்கு. ஒண்ணு நிஜமாவே கணக்குப் போட்டு மாத்தும். இன்னொண்ணு மேல ஒட்டியிருக்கற பேரை மட்டும் மாத்தும். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருந்து தொலைக்குது. நான் பேரை மாத்தற பட்டனை அமுக்கிட்டேன்.

எல்லாம் எண்பத்து மூணு மீட்டர் தள்ளிப் போயிடுச்சு. நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு அவ்வளவு தூரம்தானே? ஒரு தெருக் குழாய் அடுத்த தெரு மேல போய் அழகா படுத்துக்கிச்சு. பார்க்கறதுக்கு ஒரு குறை கிடையாது. பெரிய இன்ஜினியரே சபாஷ்னார்.

அப்புறம்தான் அந்த மெயின் பைப் வெடிச்சுது. மேஸ்திரி போன் பண்ணார். நீ காட்டற இடத்துல வால்வு இல்லம்மா, பல் டாக்டர்தான் இருக்கார்னார். மேப்ல இருக்கு சார், தோண்டுங்கன்னேன். பதினஞ்சு வருஷமா நான் அடுத்த தெருவுல தபால் பெட்டிகிட்டதான்மா மூடறேன், வால்வு என்ன காலாற நடந்து வந்துச்சான்னார். நான் பெரிய இவ மாதிரி, நீங்க ஞாபகத்துல சொல்றீங்க, நான் டேட்டாவைப் பார்த்துச் சொல்றேன்னுட்டேன். இப்ப நினைச்சாலும் நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்குக்கா.

தோண்டினார். டாக்டர் புதுசா போட்ட கல்தரை போச்சு. ரெண்டு மணி நேரம் தண்ணி நிக்கல. ஃபர்னிச்சர் கடையோட கீழ்த்தளத்துல சோபா எல்லாம் மிதந்துச்சு. ஒண்ணு மேல ஒரு பூனை, முதலாளி மாதிரி உக்காந்துட்டு இருந்துச்சாம்.

சிரிக்காதீங்கக்கா, இனிமே வர்றது சிரிப்பு இல்ல. அன்னிக்கு சாயங்காலமே தப்பைக் கண்டுபிடிச்சுட்டேன். மேப்பைச் சரி பண்ணேன். யார்கிட்டயும் மூச்சு விடல. விசாரணை அன்னிக்குத் திறந்து பார்த்தா மேப் தங்கமா இருக்கு, வால்வு தபால் பெட்டிகிட்ட நிக்குது. அப்ப ஏன்யா அங்க தோண்டினேன்னு கேட்டாங்க. மேஸ்திரி ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார். போனைச் சரியா பார்க்கல சார், என் தப்புதான்னார். நான் குனிஞ்சு என் செருப்பைப் பார்த்துட்டு நின்னேன்.

வெளிய வந்து, ஏன் சார் அப்படிச் சொன்னீங்கன்னேன். உனக்கு இன்னும் பர்மனென்ட் ஆர்டர் வரல, என்னை என்ன பண்ணிடப் போறாங்கன்னார். ரெண்டு அடி நடந்துட்டுத் திரும்பி, அடுத்த தடவை நான் சொன்னா கேளுன்னார். அவ்வளவுதான். ஒரு திட்டு கூட இல்ல. திட்டியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்.

அதான், இன்னிக்குக் காலையில எழுதிக் கொடுத்துட்டேன். தப்பு பண்ணதும் நான், மறைச்சதும் நான்னு. பெரிய இன்ஜினியர் ரெண்டு தடவை படிச்சார், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மூணாவது தடவையும் படிச்சார். என் வேலை நிக்குமா போகுமான்னு தெரியல, அதை விடுங்க. மத்தியானமே ஆர்டர் டைப் பண்ணியாச்சு. இந்தாங்க, அந்த ஆர்டரோட காப்பி. அவரோட சஸ்பென்ஷன் ரத்து, நாளைக்கே டியூட்டிக்கு வரலாம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல, அதான் உங்ககிட்ட...

என்னக்கா? எந்த சஸ்பென்ஷனா?

இல்ல... பதினோரு நாளா... அவர் உங்ககிட்ட... இப்ப எங்க போயிருக்கார்? டியூட்டிக்கா? யூனிஃபார்ம் போட்டுக்கிட்டா? தினமுமா?

சாப்பாடும் கட்டிக் கொடுத்தீங்களா?

பாக்ஸ் காலியாதான் திரும்பி வருதா? அப்ப சரிக்கா, கவலைப்படாதீங்க. எங்கயோ நல்ல நிழலாப் பார்த்து உக்காந்து, மிச்சம் வைக்காம சாப்பிட்டிருக்கார்.