சங்கிலி ஜெபத்தில் பொன்னுரங்கத்தின் முறை

— பேரை அடிச்சிடுங்க உபதேசியாரம்மா. ஞாயித்துக்கெழம கோமுகி ஆத்துல ஞானஸ்நானம் எடுக்க நான் லாயக்கு இல்லீங்க.

— இரு இரு, பொன்னுரங்கம். உபதேசியாரு கச்சிராயபாளையம் போய்க்கீறாரு. அவரு எழுதுன பேரை நான் எப்படி அடிக்கிறது? இன்னா ஆச்சு, அத சொல்லு.

— ஆளுக்கு ஒரு மணி நேரம்னு மாத்தி மாத்தி பண்ற சங்கிலி ஜெபத்துல எனக்கு ரெண்டுலேர்ந்து மூணு மணி வரைக்கும் குடுத்தீங்க. கோயில்ல தனியா முட்டி போட்டேன். பொய் சொல்லலீங்க, அஞ்சு நிமிஷம்கூட மனசு நிக்கல.

— எங்க போச்சு?

— மொதல்ல ஆட்டுக்குப் போச்சு. அப்புறம் கரும்பு வெட்டுக்கு. அப்புறம் நேரா மலை ஏறி, சடையன் போட்ட சாராய ஊறல்கிட்ட போய் உக்காந்துக்கிச்சு. எட்டு மாசமா தொடலீங்க. கண்ண மூடுனா மூக்குல அந்த வாசனதான்.

— இழுத்துகினு வந்தியா?

— வந்தேன். மறுபடி போச்சு. மனசுல இருக்கறத ஆண்டவர்கிட்ட மறைக்காதன்னு நீங்கதான சொன்னீங்க? ஒண்ணொண்ணா வாய் வுட்டே சொன்னேன். எதுக்கும்மா சிரிக்கிறீங்க?

— இரு இரு. காலையில பாட்டு பாட மைக்கு கட்டுனாங்கல்ல? நடுவுல கரண்டு பூட்ச்சுன்னு அப்படியே வுட்டுட்டு போனாங்க.

— ஆமா.

— ரெண்டே காலுக்கு கரண்டு வந்துட்ச்சு.

— அம்மா...

— பனமரத்து ஸ்பீக்கர்ல தெரு பூரா உன் ஜெபந்தான்.

— அய்யய்யோ. வெளியிலேர்ந்து என் கொரலே திரும்பி வந்துச்சுங்க. நான் சொன்னது சரியான்னு ஆண்டவருதான் கேக்குறாருன்னு நெனச்சிகினு, ஒவ்வொண்ணுக்கும் ஆமாங்க, ஆமாங்கன்னு வேற சொன்னேன்.

— அதையும் கேட்டோம்.

— எம் பொண்டாட்டி கேட்டாளா?

— ஜெயம்மாளா? குழம்புல உப்பு கம்மின்னு நீ சொன்னப்ப மொறச்சிது. "எட்டு மாசமாதான் அவ நிம்மதியா தூங்கறா, அத நான் கெடுத்துடாம பாத்துக்கங்க சாமி"ன்னு சொன்னியே, அப்ப அழுதுட்ச்சு. வூட்ல உனக்கு கோழி அடிச்சிகினு கீது.

— ஒருத்தராவது வந்து நிறுத்தக் கூடாதாம்மா?

— எப்படி நிறுத்தறது? கரும்பு வெட்டுற ஆளுங்க கத்திய கீழ வெச்சிட்டு கேட்டுகினு இருந்தாங்க. "எம் மனசும் அங்கதாம்பா போவுது"ன்னு ரெண்டு பேரு சொன்னாங்க. பேரை அடிக்கணுமாம், பேரை. உன்ன மாதிரி அந்த ஒரு மணி நேரம் யாரு ஜெபம் பண்ணா?

— ஊறல் பானைய எங்க பொதச்சிக்கீறான்னும் சொல்லிட்டேனே. பெரிய பலாமரத்துக்குப் பின்னாடின்னு. சடையன் காதுல வுழுந்தா என்ன வெட்டிடுவான்.

— வுழுந்துட்ச்சு. ரொம்ப நேரமா வாசல்லதான் நிக்கிறான்.

— நான் பின்பக்கமா பூடறேங்க.

— எங்க மச்சான் ஓடற? நில்லு, வெட்ட வர்ல. உபதேசியாரம்மா, சங்கிலியில அடுத்த மணி யாருக்கு? எனக்கு குடுங்க. மைக்க மட்டும் அமத்திடுங்க, எனக்கு சொல்றதுக்கு நெறைய கீது.