குழல் இல்லையாம், எலும்பாம்

அந்த ஸ்க்ரூவ மட்டும் கொஞ்சம் பொறுத்துக் கழட்டுங்க தம்பி. ரெண்டு நிமிஷம் ஏணியில சும்மா நின்னா ஒண்ணும் குடி முழுகிடாது.

ஐயோ, நான் இந்த மியூசியத்துல வேலை பாக்கல. வந்து பாத்துட்டுப் போறவதான். வாசல்ல டிக்கெட் கிழிக்கிறவர் என்னைக் கண்டா கிழிக்கவே மாட்டார், போங்கம்மான்னு விட்டுடுவார். அவர்தான் போன் பண்ணாரு, இன்னைக்கு ஸ்பீக்கரைக் கழட்ட ஆள் வருதுன்னு. அடுப்பை அணைச்சேனா இல்லையான்னே ஞாபகமில்ல, ஓடி வந்துட்டேன்.

இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாருங்க. விரல் நீளத்துக்கு ஒரு எலும்பு, அதுல மூணு ஓட்டை. ஆதிமனுஷன் குகையில உக்காந்து ஊதின குழல், மனுஷன் செஞ்ச முதல் வாத்தியம்னு இத்தனை வருஷமா எழுதி வச்சிருந்தாங்க. இப்ப பெரிய படிப்பு படிச்சவங்க வந்து, இது குழலே இல்ல, ஏதோ மிருகம் கடிச்ச பல் தடம்னுட்டாங்களாம். இருந்துட்டுப் போகட்டும். கழுதைப்புலி கடிச்சுதோ, மனுஷன் குடைஞ்சானோ, நான் என்ன கூட இருந்து பாத்தேனா? அட்டையை மாத்துங்க, வேணாங்கல. குழல் சத்தம் கேக்க வச்சிருக்கிற இந்தப் பொத்தானை எதுக்குப் புடுங்கணும்?

சிரிக்காதீங்க. அமுக்கினா வர்றதைப் பாட்டுன்னுகூடச் சொல்ல முடியாது. நாலு சுரம், அதுல ஒண்ணு பிசிறு. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு வரும், கேட்டிருக்கீங்களா? ஸ்ஸ்னு. ஸ்கூல் பிள்ளைங்க பாம்பு பாம்புன்னு கத்தும்.

கோளாறா? அதெல்லாம் இல்ல. இதே மாதிரி எலும்புல ஒண்ணு செஞ்சு, ஊதறதுக்கு ஒருத்தரைக் கூப்பிட்டாங்க. சினிமாவுக்குக் குழல் வாசிக்கிறவர். மைக்ல மூச்சு விழக்கூடாதுன்னு அவருக்கா சொல்லித் தரணும்? அன்னைக்குன்னு பாத்து, ஒத்திகைதானேன்னு மூச்சை நல்லா இழுத்துட்டார். அவங்க அதையே பதிஞ்சுட்டாங்க. வீட்டுக்கு வந்து தலையில அடிச்சுக்கிட்டார், மானம் போச்சுடி, மூச்சு விழுந்துடுச்சுன்னு. நான் விடுவேனா? பாம்பாட்டின்னு கூப்பிட்டே அவரை ஒரு வழி பண்ணிட்டேன்.

ஆமா, எங்க வீட்டுக்காரர்தான். போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகுது.

வீட்டுல அவர் வாசிச்சது கேசட் கேசட்டாக் கிடக்கு. ராத்திரி பகலாப் போட்டுக் கேட்டுட்டேன். எல்லாம் அவ்வளவு சுத்தம். எதுலயும் மூச்சே கேக்கல. இது ஒண்ணுலதான் மனுஷன் மூச்சு விடறார்.

நீங்க இறங்க வேணாம் தம்பி. நானே அமுக்கிக்கறேன்.