உக்காந்து பாக்குற வேலை

ஏசிய நிறுத்த முடியாது தம்பி. ஐயா மீட்டிங் முடிஞ்சு வந்து ஏறும்போது வண்டி சில்லுன்னு இருக்கணும். எப்ப வருவாருன்னு யாருக்குத் தெரியும், காலையிலேர்ந்து இப்படித்தான் ஓடிட்டிருக்கு. நீங்க ஏன் வெயில்ல நிக்கறீங்க, முன்னாடி ஏறி உக்காருங்க. பின் சீட்டு வேணாம், அது அவருது.

என்ன எழுதியிருக்கீங்க, படிங்க கேப்போம். ம். எலக்‌ஷனுக்கு முன்னாடி அரசாங்கச் செலவுல கோடிகோடியா மிச்சம் புடிக்கிறோம்னாங்க. ஜெயிச்சதும் அதுக்குன்னு ஐயா தலைமையில கமிட்டி போட்டாங்க. நாலு வருஷமா ஒத்த ரூபா மிச்சமாகலன்னு எழுதியிருக்கீங்க. எல்லாம் சரி தம்பி, அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துடுங்க. ஒண்ணே ஒண்ணு மிச்சம் பண்ணாங்க. அது பேப்பர்ல வரணும். அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்.

சேச்சே, நான் அவங்க பக்கம் பேசல. கமிட்டிக்குன்னு மாடி புடிச்சது, நாற்காலி வாங்குனது, எல்லாத்தையும் பாத்துட்டுத்தானே இருந்தேன். சுண்டக்கா கால்பணம், சுமகூலி முக்காப்பணம்.

கமிட்டி வேலையா ஒரு தடவ பெரியாஸ்பத்திரியப் பாக்கணும்னு ஐயா கிளம்பினாரு. நான் ஃபைலத் தூக்கிட்டுப் பின்னாடியே போனேன். டயாலிசிஸ் வார்டுல ரெண்டு நர்சு. ஒருத்தங்க ஓடியாடிட்டு இருந்தாங்க. இன்னொருத்தங்க ஸ்டூலப் போட்டு உக்காந்திருந்தாங்க. இந்தம்மா சும்மாதானே உக்காந்திருக்குன்னாரு ஐயா. அடுத்த மாசம் அந்த வேலை இல்ல. கணக்குப்படி அது மிச்சம்தானே?

அவங்க சும்மா உக்காரல தம்பி. அங்க வேலையே அதான். ஒடம்பு ரத்தமெல்லாம் குழாய் வழியா மெஷினுக்குப் போய்ச் சுத்தமாகி உள்ள திரும்பணும். குழாய் நழுவுதா, மூஞ்சி வெளுக்குதான்னு ஒருத்தர் பாத்துட்டே இருக்கணும். நானும்தான் நாள்பூரா இந்த வண்டியில உக்காந்திருக்கேன். என்னைய யாரும் சும்மா உக்காந்திருக்கான்னு சொன்னதில்ல.

அப்புறமென்ன, ஒரு நாள் குழாய் கழண்டுடுச்சு. மெஷின் கத்தியிருக்கு. இருந்த ஒரே நர்சுப்பொண்ணு அடுத்த ரூம்ல ரத்தம் நிக்காத வேற ஒருத்தர் கைய அமுக்கிப் புடிச்சிட்டிருந்திருக்கு. விட்டா அந்தாளு போயிடுவாரு. அந்தப் பொண்ணு மேல தப்பே கிடையாது, அத எங்க வேணா சொல்லுவேன். மேல போர்வை கிடந்ததுல ரத்தம் போறது பக்கத்துக் கட்டில்காரங்களுக்கும் தெரியல.

எனக்கா? எனக்கெப்படித் தெரியும்னா, அந்தக் கட்டில்ல கிடந்தது என் வீட்டுக்காரி தம்பி. அந்த ஸ்டூல் நர்சம்மாவ வேலையவிட்டு எடுத்தப்ப இவளுக்கு ஒரு நோவும் கிடையாது. அப்புறம்தான் கிட்னி போச்சு. நீங்க எழுதுங்க, எழுதுங்க, எனக்கு ஒண்ணுமில்ல. அழுகையும் வர்றதில்ல, கோவமும் வர்றதில்ல. மரத்துப் போச்சு.

ஐயா வீடு தேடி வந்தாரு. கையப் புடிச்சிட்டுக் கண்ணு கலங்குனாரு. நடிப்பில்ல, நல்ல மனுஷன்தான். அதையும் இதையும் சேத்துப் பாக்கத் தோணல அவருக்கு, அவ்வளவுதான். வேணுங்கற மட்டும் லீவு எடுத்துக்கப்பான்னாரு. நானும் எடுத்தேன். திரும்பி வந்து பாத்தா வண்டி ஒரு நாள்கூட நிக்கலையாம். அவ போன அன்னைக்கே, நான் வர்ற வரைக்கும்னு இந்த சீட்டுக்கு வேற டிரைவரப் போட்டுட்டாங்க.