மாடி வீட்டுச் சுடுதண்ணீர்

நான் ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் குளியலறையைத்தான் பார்ப்பேன். ஹாலை எவனும் துடைத்து வைத்துவிடுவான், மேடம். சோபாவில் நாலு குஷனைப் போட்டு, சுவரில் ஒரு கடல் படத்தை மாட்டிவிட்டால் அங்கே வேலை முடிந்தது. குளியலறையில் அந்தப் பம்மாத்து எடுபடாது. புகைக்குழாய் எங்கே போகிறது, காற்று எந்த வழியாக வருகிறது, உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் வெளியிலிருந்து கதவைத் திறக்க முடியுமா, எல்லாம் அங்கே தெரிந்துவிடும். நகராட்சியில் நாள்வாடகை வீடுகளுக்கு ஆய்வாளராக என்னைப் போட்ட அன்றிலிருந்து இதுதான் என் பழக்கம்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், உங்கள் போலீஸ் அறிக்கையில் 'ஆய்வாளரின் கவனக்குறைவு' என்று ஒரு வரி வருகிறது. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்ததைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. மாடி வீட்டில் அப்பா, அம்மா, குழந்தை என்று ஒரு குடும்பமே போய்விட்டது. யாரையாவது நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் இத்தனை வருஷ வேலையில் என்னைப் பார்த்துக் கவனக்குறைவு என்று ஒருவன் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் யாரும் கூப்பிடாமல் நானே பஸ் பிடித்து இங்கே வந்தேன்.

அந்த மாடி வீட்டுக்குக் கீழே என் அக்கா குடியிருந்தாள். அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். தையல்காரி. ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு, பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸ்களின் சீருடைகளைப் பிடித்தும் தளர்த்தியும் கொடுத்தே காலத்தை ஓட்டினாள். அந்தத் தெருவில் அப்போதெல்லாம் நர்ஸ்கள், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், தபால் ஆபீஸ்காரர் என்று மாதச் சம்பளக்காரர்கள்தான். யார் வீட்டில் என்ன சண்டை என்பது அக்காவுக்கு அத்துப்படி. துணியைக் கொடுக்க வந்து கதையைக் கொட்டிவிட்டுப் போவார்கள்.

பிறகு சாவிக்காரர் வந்தார். அந்தப் பெயர் தெருவில் வைத்ததுதான். ஒரு வீட்டை வாங்கினார், அடுத்ததை வாங்கினார், வாங்கிய வீட்டுக் கதவில் எல்லாம் எண் போட்டுத் திறக்கிற ஒரு சின்ன டப்பாவை மாட்டினார். விருந்தாளி வருவான், எண்ணை அமுக்குவான், டப்பாவுக்குள் இருக்கும் சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போவான். முகம் பார்த்துப் பேச ஒரு ஆள் தேவையில்லை. பகல் முழுக்க பெட்டிச் சக்கரம் தரையில் இழுபடுகிற சத்தம். வைஃபை வரவில்லை என்று அக்காவின் ஜன்னலைத் தட்டுவார்கள். ஒருநாள் எவனோ குடித்துவிட்டு அவள் வாசலில் வாந்தி எடுத்து வைத்திருந்தான். அவள் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். அதை நான் நின்று பார்த்தேன், மேடம்.

கடைசியில் அக்கா இருந்த வீடும் அவர் கைக்குப் போனது. தேன் ஒழுகப் பேசுகிற ஆள் அவர். அவசரமே இல்லை, நல்ல இடமாகப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போனால் போதும் என்று அக்காவிடம் சொன்னார். அடுத்த வாரமே கீழ்வீட்டுத் தண்ணீர் மோட்டார் கெட்டுப்போனது. மேலே மட்டும் தண்ணீர் பாட்டுக்குக் கொட்டியது. அதன் பிறகு அக்கா வீட்டுக்கு மேலே தரையை இடித்து டைல்ஸ் மாற்றினார்கள். ஒரு தடவை மாற்றியதை மறுபடியும் மாற்றினார்கள். வெளியே போ என்று அவர் வாயால் ஒரு நாளும் சொல்லவில்லை. அக்காவை அந்த வீட்டை விட்டு யாரும் கிளப்பக் கூடாது, எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். வேறு எதையும் நான் ஆசைப்படவில்லை.

ஊரில் புகார் கூடிப்போனதால் நகராட்சி இந்த வீடுகளுக்கு ஒரு விதிமுறை கொண்டுவரலாம் என்று முடிவெடுத்தது. எழுதித் தரச் சொன்னது என்னிடம்தான். நான் உட்கார்ந்து நியாயமாக எழுதினேன். ஒருவருக்கு ஒரு வீடுதான். வீட்டுக்காரரும் அதே கட்டிடத்தில் குடியிருக்க வேண்டும். குடியிருப்பவரைக் கிளப்பிவிட்டு வீட்டை நாள்வாடகைக்கு மாற்றக் கூடாது. குளியலறைக்குள் கேஸ் கீசர் வைக்கக் கூடாது. இதில் எது அநியாயம் என்று நீங்களே சொல்லுங்கள்.

கூட்டத்தில் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தார்கள். ஊருக்கு வருகிற நாலு பேரும் வராமல் போய்விடுவார்கள் என்று தலைவர் சொன்னார். சாவிக்காரர் பார்வையாளர் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மற்றதை எல்லாம் விட்டுவிட்டாலும் கீசரை மட்டும் விடக்கூடாது என்று நான் மன்றாடினேன். அது எரியும்போது வருகிற வாயுவுக்கு வாசமே கிடையாது, உள்ளே இருப்பவனுக்குத் தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும் என்று விளக்கினேன். அப்போது அவர் எழுந்து நின்றார்.

"ஆய்வாளர் சாருக்கு எப்பவுமே நம்ம பாத்ரூம் மேலதான் கண்ணு. உள்ள யாரு குளிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கணுமா சார்?"

சிரித்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பொறியாளர் மேஜையைத் தட்டினார். எனக்கு எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்த பெண், நான் விடுப்பெடுக்க வரும்போதெல்லாம் சார் சார் என்று குழைகிறவள், தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். வாசலில் டீ கொண்டுவந்த ஆள் என்ன விஷயம் என்று தெரியாமலே சிரித்தான். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பொதுவேலை என்று வந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள்.

எல்லாவற்றையும் வெட்டியவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவைத்தார்கள். கடைசிப் பக்கத்தில் நான் எழுதியிருந்தது: நாள்வாடகை வீட்டில் விருந்தாளி யாராவது உயிரிழந்தால் அந்தத் தெருவில் உள்ள நாள்வாடகை வீடுகள் அத்தனைக்கும் அனுமதி ரத்து, மறுபடி கொடுக்கவும் கூடாது. தலைவர் அதைப் படித்துவிட்டு, அதெல்லாம் நடக்கப் போகிறதா, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். பல் உள்ள ஒரே விதி அதுதான். அவர்களாகப் பார்த்துத்தான் அதை வைத்தார்கள்.

அதன் பிறகு நான் ஆய்வுக்குப் போனேன். என் வேலையைக் கேலிக்கூத்தாக்கினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் தீயணைப்பு உருளை இருக்க வேண்டும் என்பது முன்பிருந்தே உள்ள விதி. முதல் வீட்டில் பார்த்தேன், இருந்தது. அடுத்த வீட்டில் பார்த்தேன், இருந்தது. நாலாவது வீட்டில்தான் அதன் கழுத்தில் இருந்த கீறல் கண்ணில் பட்டது. தெரு முழுக்க ஒரே உருளை. நான் முன்படியில் இறங்கும்போது அவருடைய வீடுகளைக் கூட்டித் துடைக்கிற அம்மா அதைத் தூக்கிக்கொண்டு பின்படியில் ஓடிக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் கேட்டதற்கு சாவிக்காரர், எல்லா வீட்டிலும் ஒரே சமயத்திலா தீப்பிடிக்கப் போகிறது என்றார்.

மாடி வீட்டு விவகாரமும் அப்படித்தான். குளியலறையை அழகுபடுத்துகிறேன் என்று அவர் மேலே ஒரு பொய்க்கூரை போட்டார். கீசரின் புகைக்குழாய் முன்பு சுவரைத் தாண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. கூரைக்கு இடைஞ்சல் என்று அதை வெட்டிவிட்டார்கள். வெட்டிய முனை கூரைக்குள்ளேயே நின்றது, புகை அத்தனையும் அறைக்குள் இறங்கியது. நான் குறை எழுதினேன். சரிசெய்ய அவகாசம் கொடுத்தார்கள். அவர் ஒரு குழாயைச் செருகி வெளியே நீட்டிப் படம் எடுத்து அனுப்பினார். அலுவலகத்தில் ஏற்றுக்கொண்டார்கள். நான் போய்ப் பார்த்தால் குழாய் இல்லை, கூரை பழையபடி மூடியிருந்தது. மறுபடியும் எழுதினேன். மறுபடியும் படம் வந்தது. இப்படியே எனக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்சம் நிதானமாக யோசித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நான் குறை எழுதுகிறவரைக்கும் அந்த வீடுகளுக்கு ஒன்றும் ஆகாது. என் குறைதான் அவர்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. படத்துக்காகவாவது குழாயைச் செருகுகிறார்களே, அந்த நாலு நாள் அங்கே குளிக்கிறவன் பிழைத்துக்கொள்கிறான். நான் எழுதாமல் விட்டால் அவர்கள் செய்தது அவர்கள் தலையில் விடியும். இதில் கோபத்துக்கு இடமில்லை. கணக்கு அப்படி இருந்தது.

அடுத்த ஆய்வன்று கூட்டித் துடைக்கிற அம்மா என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். அந்தக் குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவினால் தலை சுற்றுகிறதாம். அதனால் மேலே இருக்கிற கண்ணாடிப் பட்டை ஜன்னலைத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு அட்டையை மடித்துச் செருகி வைத்திருக்கிறாளாம். நீங்க சொன்னா முதலாளி கேப்பாரு சார் என்றாள். சரிம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நான் உள்ளே போனேன், பார்த்தேன், 'எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாவிக்காரருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சாருக்கு இப்போதுதான் மனசு இளகியிருக்கிறது என்று என் முதுகில் தட்டிக்கொடுத்தார். என் சட்டையில் அவர் கை பட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

படியில் இறங்கும்போது அவர்கள் ஏறி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். குழந்தைக்கு ஒரு கண்ணில் கட்டு. அப்பா இரண்டு கையிலும் பெட்டி வைத்திருந்தார். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் நின்றாள்.

"சார், மேல சுடுதண்ணி வருமா? குழந்தைக்கு உடம்புக்கு ஊத்தணும்."

"வரும்மா, நல்லா வரும். கதவு ஜன்னல மட்டும் நல்லா சாத்திக்கங்க. குழந்தைக்குக் காத்து பட்டா ஆகாது."

ரொம்ப நன்றி சார் என்றாள். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நன்றாகத்தான் வந்தது. மறுநாள் காலையில் அம்மாவும் குழந்தையும் குளியலறைக்குள் விழுந்திருந்தார்கள். அவர்களைத் தூக்கப் போன அப்பா குளியலறை வாசற்படியிலேயே கிடந்தார். கீசர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள்.

விதி தன் வேலையைச் செய்தது. அன்று மாலையே உத்தரவு போட்டார்கள். டப்பாக்களைக் கழற்றியபோது நானும் கூட நின்றேன். தெரு அமைதியாக இருந்தது. சாவிக்காரரை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தக் கூட்டித் துடைக்கிற அம்மாவையும் பிடித்து வைத்திருக்கிறீர்கள். ஜன்னலை அவள்தான் மூடினாள் என்று சாவிக்காரர் கைகாட்டியதாகக் கேள்விப்பட்டேன். அவள் மூடவில்லை. அன்றைக்கு ஆய்வு முடிந்து சாவிக்காரர் கிளம்பிப் போனதும் நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஏறி, அந்த அட்டையை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, பட்டைகளை இறக்கிவிட்டேன். ஒன்று துருப்பிடித்து இறங்க மறுத்தது. அதைக் கைக்குட்டையால் பிடித்துத் திருகினேன். தூசி கண்ணில் விழுந்தது, முகம் கழுவிக்கொண்டுதான் வெளியே வந்தேன். இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் படியில் திரும்பிப் போய் அவர்களைத் தடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். குழந்தையைப் பார்த்தபோது எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் இவர்கள் இல்லையென்றால் வேறு யாரோ. டப்பாவைத் திறந்து சாவி எடுத்துக்கொண்டு உள்ளே போகிறவர்களுக்கு முகம் கிடையாது என்று அந்தத் தெருவே பழகிப்போயிருந்தது. கூட்டத்தில் சிரித்தவர்கள் ஒவ்வொருவரும் இதில் பங்காளிகள். அவர்கள் பெயர்களை நான் வரிசையாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். யார் எந்த நாற்காலியில் இருந்தார்கள் என்பதும் நினைவிருக்கிறது.

அக்கா இப்போது எங்கே இருக்கிறாள் என்கிறீர்களா? அவளை ஏன் இதில் இழுக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் ஒரு வீட்டில் இருக்கிறாள். நர்ஸ் ஒருத்தி பார்த்துக் கொடுத்த வீடு. நல்ல வெளிச்சம், மெஷின் போட இடம் இருக்கிறது, பழைய வாடிக்கையாளர்கள் எல்லாம் அங்கேயே வருகிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். எப்போது போனாள் என்றால், அந்தக் கடைசி ஆய்வுக்கு முந்தின மாதமே போய்விட்டாள். சாமான்களை வண்டியில் ஏற்றி இறக்கியது நான்தான். மெஷினை இறக்கி வைத்ததும் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "தம்பி, எனக்கு இது போதும்டா. இனிமே அந்தத் தெருப்பக்கமே நீ போகாத" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சரிக்கா என்றேன்.

நான் அவளுக்காகத்தான் செய்தேன், மேடம். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.