அம்புக்குறி நின்ற இடம்

— அந்தக் கிண்ணத்த எடுக்காத, தமிழு.

— எடுக்கல அண்ணி. மவுசு மேல எதுக்கு வெண்கலக் கிண்ணத்த கவுத்து வெச்சிருக்கீங்கன்னுதான்…

— கை பட்டுடும்னு. பல்லி ஏறினாக்கூட அந்த அம்புக்குறி நகருதே.

— பல்லிக்கு பயந்து கிண்ணமா! நல்லா கீது போங்க. நான் அதவிட பெரிய பேஜார்ல வந்திருக்கேன்.

— தெரியும். சிடியும் கையுமா வந்திருக்க. மறுபடி அதே பேச்சுதானே?

— அதே பேச்சுதான். அண்ணி, இது வீட்டுல வெச்சிக்கற கம்ப்யூட்டர் இல்ல, சர்வர். ரெண்டாயிரமாவது வருசம் வாங்கினதுலேர்ந்து இந்த மூணு வருசமா ஜெகநாதன் அண்ணன் வரஞ்ச டிசைன் அத்தனையும் இதுக்குள்ளதான் கீது. கரை, புட்டா, முந்தி…

— அதனாலதானே யாரையும் தொட உடல.

— தொடாம விட்டதுதான் வம்பா போச்சு. இதுல ஒரு ஓட்டை கீது. மெஷின ஓட்டற சாஃப்ட்வேர செஞ்சவனே அத ஒத்துகினு, அடைக்கறதுக்கு பேட்ச் குடுத்திருக்கான். ஊரெல்லாம் ஏத்திட்டாங்க. நாம மட்டும் ஒரு மாசமா…

— மாமா தவறினப்போ தறியில பாதிப் புடவை நின்னுச்சு. நெய்யறவரு எழுந்து போனா அப்படியே விட்டு வெக்கறது நம்ம வீட்டு வழக்கம். வருசம் திரும்பற வரைக்கும் ஒரு இழைய யாரும் தொடல. கெட்டா போச்சு?

— நைனா தறி எனக்குத் தெரியாதா? தறிய தொடாம விட்டா தூசு படியும், அவ்ளோதான். இத தொடாம விடறது, வாசக்கதவ தொறந்து போட்டுட்டு ஊருக்குப் போன மாதிரி.

— ஆரணிக்கு யாரு வரப்போறா, நம்மள தேடிகினு?

— வந்துட்டான் அண்ணி. சேத்துப்பட்டு ரோட்டுல ஒரு ரைஸ் மில்லு. நேத்து நான்தான் போயி பாத்தேன். எவனோ எங்கியோ உட்ட வைரஸ், நெட்டு லைன்ல தானா பூந்துடுச்சு. யாரும் எதையும் தொடல. மெஷின் பாட்டுக்கு அணையுது. எழுப்பினா திரும்பவும் அணையுது…

— மில்லுல இருந்த கணக்கெல்லாம்?

— அது தப்பிச்சிது. ஆனா இன்னிக்கு வந்தது அணைக்க மட்டும்தான் செய்யுது. அதே ஓட்டையில நாளைக்கு வர்றது, உள்ள இருக்கறதெல்லாம் தொடச்சிட்டு போகும்.

— அப்போ… நெட்டு லைன புடுங்கிடு.

— புடுங்கிட்டா காஞ்சிபுரத்துக்கு டிசைன் எப்படி அனுப்பறது? இன்னும் எத்தன நாளைக்கு உலகத்த விட்டு ஒதுங்கி உக்காந்திருப்பீங்க? துரைக்கண்ணு தறியில கல்யாணப் புடவை ஏறியிருக்கு. தறியில டிசைன் விழ வெக்கற அட்டை பாதிதான் குத்தி குடுத்திருக்கோம். மீதி டிசைன் இதுல. இது போச்சுன்னா அவரு தறிய நிறுத்திட்டு நம்ம வாசல்ல வந்து நிப்பாரு. அவரு மாதிரி எத்தன வீடு!

— காப்பி எடுத்து வெக்கலியா நீ?

— எடுக்கணும்னா இந்த மெஷின் முன்னால உக்காரணும். உட்டீங்களா? அண்ணன் தவறின சித்திரையில பூட்டின ரூமு இது. உங்களுக்கு சோறு போடறதும் இதுதான் அண்ணி. ஜல்தி முடிச்சிடுவேன். சிடிய போட்டு ஏத்தி, ஒரே ஒரு தடவ அணைச்சி எழுப்பணும்.

— அந்த ஒரு தடவதான் வேணாங்கறேன்.

— சேவ் பண்ணிட்டுதானே அணைப்பேன்? ஸ்கிரீன்ல நிக்கற அன்னப்பட்சி எங்கியும் பறந்துடாது.

— பட்சி இருக்கும். அம்புக்குறி? அன்னிக்கு டீ ஆறுதுன்னு கூப்பிட்டேன். ‘இதோ, கழுத்த முடிச்சிட்டு வரேன்’னாரு. வரல. வந்து பாத்தா, நெஞ்ச புடிச்சிகினு நாற்காலியிலயே சாஞ்சிட்டாரு… அவரு கை கடைசியா விட்ட எடம்டா அது. அத எதுல சேவ் பண்ணுவ?

— அதுக்கு வழி இல்ல அண்ணி.

— அப்புறம்?

— அப்புறம்… கரண்ட் போயி தானா அணைஞ்சா இன்னா பண்ணுவீங்க? அத யாரு தடுக்கறது?

— அணைஞ்சிச்சா?

— இல்ல… பேச்சுக்கு சொன்னேன்.

— வேர்த்து ஊத்துது உனக்கு. ஃபேன் போடவா?

— வேணாம். அண்ணி, நான் கம்ப்யூட்டர் ஆளா பேசல. என்ன தூக்கி வளத்தவரு அவரு. இத அணைக்க எனக்கு மட்டும் கை வருமா? மில்லுல அந்த மெஷின பாத்ததுலேர்ந்து இதே நெனப்புதான். அண்ணன் ஒரு தடவ போனதே இன்னும் தாங்க முடியல. அவரு வரஞ்சதும் போச்சுன்னா…

— அழாத.

— அழல.

— கிண்ணத்த எடு.

— அண்ணி?

— எடுன்றேன். எடுத்துட்டு சிடிய போடு.

— இருங்க… அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடணும். அந்தப் பட்சி…

— சொல்லாத.

— இல்ல அண்ணி. ஆடி வெள்ளிக்கு நீங்க படவேட்டு அம்மன் கோயிலுக்கு போயிருந்தப்போ…

— இந்த ரூமுல வெளக்கேத்த சாவிய உங்கிட்ட குடுத்துட்டு போனேன். அன்னிக்கு பேய்க்காத்து, ஊரே இருட்டு. பேட்டரி தாங்காம மெஷின் அணைஞ்சிடுச்சு. அவரு சேவ் பண்ணாத கழுத்து அதோட போச்சு. வந்து பாத்ததுமே எனக்குத் தெரியும் தமிழு. அவரு வரையற அன்னம் எப்பவும் குனிஞ்சிதான் பாக்கும். இது நிமிந்து பாத்துச்சு. கதவ சாத்திகினு அன்னிக்கே அழுது தீத்துட்டேன். அப்புறம் நெனச்சி பாத்தா… அண்ணி தாங்க மாட்டாளேன்னு, ஒரு கோடு கூட நேரா போட வராத புள்ள உக்காந்து அந்தக் கழுத்த வரஞ்சி, அம்புக்குறிய கொண்டாந்து அது மேல நிறுத்தி வெச்சிருக்கு. அத அணைக்க எனக்கு மனசு வரல. இத்தன நாளா நான் காவல் காத்துகினு இருந்தது அவரு பட்சிய இல்லடா… உன்னோடத.