கதவை விட்டு நகராதவர்

கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் சார், பரவாயில்லை. திறந்திருந்தால் வராந்தாச் சத்தமெல்லாம் உங்கள் ரெக்கார்டரில் விழும், பிறகு கேட்டு எழுதுகிறவர் திண்டாடுவார். மூடிய அறையில் உட்கார்ந்து எனக்குப் பழக்கம்தான். ஆவணப்படம் எடுக்கிறவளுக்கு அது தொழிலோடு வருவது.

என் தம்பி கொடுத்த புகாரில் இருப்பது எல்லாமே உண்மை. என்ன நடந்தது என்று அவன் சொல்லியிருக்கிறான். ஏன் நடந்தது என்பது அவனுக்குத் தெரியாது, அதை நான்தான் சொல்ல வேண்டும்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றாலும் அப்பாவுக்குத்தான் போன் வரும். போனதும் பையைத் திறக்க மாட்டார். முதலில் கதவில் வாயை வைத்து உள்ளே இருப்பவரிடம் பேசுவார். "பயப்படாதீங்க. கீழ உட்காருங்க. மேல ஓட்டை இருக்கு, காத்து வரும். நான் இங்கதான் நிக்கிறேன்." உள்ளே ஆள் இருக்கும்வரை கதவை விட்டு நகரக் கூடாது என்பது அவர் வைத்திருந்த சட்டம். கருவிகளைக்கூட உதவியாள் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். தம்பி பிறந்த அன்று அதே ஆஸ்பத்திரி லிஃப்டில் யாரோ மாட்டிக்கொள்ள, அப்பா அந்தக் கதவருகிலேயே நின்றுவிட்டார். பிரசவ அறை ஒரு மாடி மேலே. அம்மா அதைச் சொல்லிக் காட்டியே பாதி ஆயுளை ஓட்டினாள்.

அம்மா போன பிறகு அப்பாவின் மறதி முற்றியது. சாவியை ஃப்ரிட்ஜில் வைப்பது போய், வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது வந்தது. அவர் அறைக்கு வெளிப்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டோம். உறவுக்காரர்கள் வந்தால் அவர் தூங்குகிறார் என்று சொல்லுவோம். எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. மூடி மறைக்கிறோம். வயசானால் அப்படித்தான் என்று பூசி மெழுகுகிறோம். படங்களிலோ கேட்கவே வேண்டாம். ஜன்னலோரத்து வெயில், வெள்ளைத் தலை, பின்னால் வயலின். கடைசிக் காட்சியில் பேத்தியின் பேரைச் சரியாகச் சொல்லிவிடுவார், நாமும் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்துபோவோம். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். ஒரே ஒரு படமாவது நேர்மையாக இருக்கட்டும் என்றுதான் அப்பாவின் அறையில் கேமராவை வைத்தேன்.

முதல் முறை நடந்தது தற்செயல். "உங்கம்மா எங்க பாப்பா?" என்று கேட்டார். அம்மா செத்துப்போய்விட்டாள் என்று சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. அவர் முகம் உடைந்ததை என்னால் இப்போதும் வரைந்து காட்ட முடியும். ஆனால் மின்விசிறிச் சத்தத்தில் அவர் குரல் அமுங்கிப்போயிருந்தது, அதைப் பயன்படுத்த முடியாது. சாயங்காலம் அவரே மறுபடி கேட்டார். விசிறியை நிறுத்திவிட்டுச் சொன்னேன். இந்த முறை வெளிச்சம் போதவில்லை.

தம்பிக்கு இது பிடிக்கவில்லை. அவனிடம் அப்பா கேட்டால், "அம்மா கடைக்குப் போயிருக்காங்கப்பா, வந்துடுவாங்க" என்பான். டாக்டரும் அதையே சொல்லச் சொன்னார்.

"ஏன்க்கா திரும்பத் திரும்ப அவரைக் கொல்ற?" என்றான் ஒருநாள்.

"அவருக்கு ஒவ்வொரு தடவையும் முதல் தடவைதான்டா. அரை மணி நேரத்துல மறந்துடுவாரு. வலியே மிஞ்சாது" என்றேன்.

இதை நான் நம்பினேன் சார். ஆனால் சில வாரங்களில், நான் லைட்டைப் போட்டதும் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தார். ஒருநாள் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இப்ப யாரு போயிட்டா?" என்று கேட்டார். செய்தி மறந்துபோயிருந்தது, செய்தியின் பயம் மட்டும் உடம்பில் தங்கிவிட்டது. வேறு யாராவது என்றால் அன்றே கேமராவை மடித்து உள்ளே வைத்திருப்பார்கள். எனக்கு வந்தது வேறு கவலை. அந்த முதல் முகம் இனிமேல் கிடைக்காதே என்று.

படத்துக்கு ஒரு காட்சி குறைந்தது. அடைபட்ட மனிதர் எப்படி இருப்பார், பூட்டிய கதவுக்கு உள்ளே என்ன நடக்கிறது, அதை யாருமே காட்டியதில்லை. அப்பாவோ அந்த நாட்களில் கட்டிலை விட்டே இறங்குவதில்லை. அவரைக் கதவுவரை வரவழைக்க ஒன்றுதான் வழி என்று எனக்குத் தெரிந்திருந்தது.

தம்பி வேலைக்குப் போயிருந்தான். கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி அறைக்குள் வைத்தேன். லைட் போடவில்லை, பகல் வெளிச்சமே நன்றாக இருந்தது. அப்பாவின் காதருகே குனிந்து சொன்னேன். "அப்பா, தம்பி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டான். உள்ள தனியா இருக்கான்."

பிறகு வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

அவர் கட்டிலிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. பையைத் தேடினார். கதவிடுக்கில் விரல்களை விட்டு நெம்பினார், நகம் பிளந்தது. பிறகு, மாதக்கணக்கில் நான் கேட்காத பழைய குரலில் பேசினார். "டேய், பயப்படாத. கீழ உட்காரு. மேல ஓட்டை இருக்கு, காத்து வரும். அப்பா வெளியிலதான்டா நிக்கிறேன்."

பூட்டப்பட்டவர் அவர். வெளியே நின்றவள் நான். ஆனால் அந்தக் குரலைக் கேட்டு நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன் சார், என்னை அறியாமல். அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

நீங்கள் படம் பார்த்திருந்தால் அந்தக் காட்சி தெரிந்திருக்கும். போஸ்டரில் இருப்பதும் அதே முகம்தான். என் குரலை மட்டும் வெட்டிவிட்டேன். படத்தில் ஒரு பொய்கூடக் கிடையாது, பொய் படத்துக்கு வெளியேதான் இருந்தது.

அரை மணி நேரத்தில் மறந்துவிடுவார் என்று காத்திருந்தேன். மறக்கவில்லை. அம்மாவின் சாவைத் தினம் தினம் மறந்தவர், இதை மறக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "உள்ள ஆள் இருக்கு" என்பார். உட்காரச் சொன்னாலும் அதே பதில்தான். கால் இரண்டும் வீங்கின. இரவும் அங்கேயே, கதவில் நெற்றியை வைத்தபடி. மாத்திரையைத் துப்பிவிட்டார்.

தம்பி பதறிப்போய் அவர் முன்னால் நின்றான். "அப்பா, நான்தான்பா. பாருங்க, வெளியில வந்துட்டேன்."

அப்பா அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். "நல்லதாப் போச்சு தம்பி. நீங்க வீட்டுக்குப் போங்க. உள்ள என் பையன் இருக்கான்."

தம்பி என்னைப் பார்த்தான். இந்த நோய் முற்றினால் இப்படித்தான், பழைய வேலை நினைப்பு வந்துவிடும் என்றேன். நம்பினான். அவனும் அப்பாவோடு சேர்ந்து நின்று, கதவுக்குள் இல்லாத தனக்கே ஆறுதல் சொன்னான். அதையும் எடுத்தேன்.

நின்று நின்று ஒரு காலையில் அப்பா அந்தக் கதவடியிலேயே சரிந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. கடைசியாக நர்ஸிடம் கேட்டது, பையனை வெளியே எடுத்துவிட்டார்களா என்று. எடுத்துவிட்டோம் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா சொன்னாள். அதற்குப் பிறகுதான் கண்ணை மூடினாராம். அப்போது நான் கேமராவோடு அங்கே இல்லை.

வெட்டாத பதிவைத் தம்பி எப்படியோ கேட்டுவிட்டான். அதனால்தான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவின் அந்தச் சட்டம் எனக்குத் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். உள்ளே ஆள் இருக்கும்வரை அவர் நகர மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். நகரக் கூடாது என்பதற்காகவே சொன்னேன். அப்பாவைக் கொன்றது அந்த ஒரு வாக்கியம், அதைச் சொன்னது நான். ஆனால் படம் பார்த்துவிட்டு எத்தனை பேர் தங்கள் வீட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றியிருக்கிறார்கள் தெரியுமா சார். கடிதம் கடிதமாக வருகிறது. அப்பா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

நடுவில் ஏசி சத்தம் கொஞ்சம் அதிகமாக இருந்த மாதிரி பட்டது. பதிவு சரியாக வரவில்லையென்றால் சொல்லுங்கள். முதலிலிருந்து மறுபடி சொல்கிறேன், எனக்கு ஒரு சிரமமும் இல்லை.